நிதானமா வாப்பா

டிரைவிங் வாத்தியார் கழிவறைக்குள் போய் உட்கார்ந்ததுமே வெளியே செருமல் கேட்டது. அப்பா.

"உள்ள யாரு, நீயா?"

"ம்..."

"நான் வாக்கிங் கிளம்பறேன். நீ நிதானமா வாப்பா."

அந்த 'நிதானமா'தான் அவனுக்கு வயிற்றெரிச்சல். வயிற்றில் ஏற்கனவே வேண்டிய மட்டும் எரிச்சல் இருந்தது. பெருங்குடல் புண். டாக்டருக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும். இருபத்தாறு வயதில் ரத்தமும் சளியுமாகப் போகிறது என்று எந்த மகன் அப்பாவிடம் வாய்விட்டுச் சொல்வான்? வீட்டில் இருப்பதோ ஒரே கழிவறை.

தொழிலும் வாய்த்தது பாருங்கள். ஊரில் எங்கெல்லாம் கழிவறை உண்டோ அங்கெல்லாம் காரை நிறுத்தச் சொல்வான். அவனிடம் கற்றவர்களுக்கு ரிவர்ஸ் வராது. பிரேக் பிரமாதமாக வரும்.

சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டான். தொட்டி காலியாகி, கீழ்வீட்டு வக்கீல் சண்டைக்கு வந்தார். மறுநாள் குழாயை மூடிவிட்டு, போனில் பேசுவதுபோல் நடித்தான். "சரிம்மா... கோவிச்சுக்காதம்மா..."

கதவு தடதடத்தது. மனைவி.

"வியாதி தெரியும். இந்த அம்மா யாரு?"

அப்பா வழக்கம்போலச் செருப்பை மாட்டிக்கொண்டு, "நிதானமா வாப்பா" என்றார். அறுபத்தெட்டு வயதில் விடிந்ததும் ஒரு வாக்கிங், சாப்பிட்டதும் ஒன்று, மழை கொட்டினாலும் குடையோடு ஒன்று. எல்லாம் ஓட்டமும் நடையுமாக. தெருவே 'வாக்கிங் பெரியவர்' என்று மெச்சியது. மகனை அவமானம் பிடுங்கித் தின்றது.

"வீட்ல வேற யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

"எங்கப்பாவுக்கா? கல்லைத் தின்னாலும் செரிக்கும் டாக்டர்."

"உங்க வயசுல இது பெரும்பாலும் ஆர்ப்பாட்டமா வரும். வலி, ரத்தம், எல்லாம் சேர்ந்து. வயசானவங்களுக்குப் பல நேரம் சத்தம் காட்டாது. மூலம், வயசுக் கோளாறுன்னு அவங்களே ஒரு பேர் வச்சுட்டுச் சும்மா இருந்துடுவாங்க. பிபிக்கு, சுகருக்குன்னு தின்னுட்டிருக்கிற மாத்திரையோட இதையும் சேர்க்கறதுக்குள்ள எங்களுக்குத் தலைவலி."

"அவர் நடக்கிற வேகத்தைப் பாத்தா நீங்க கைதட்டுவீங்க டாக்டர்."

மருந்தை மாற்றியும் குறையவில்லை. உடம்பு துரும்பாகிவிட்டது. வேலை போய்விடும்போல இருந்தது. ஒருநாள் மனைவியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

"கதவுக்கு வெளிய அவர் செருமறப்பல்லாம் செத்துடலாம்போல இருக்கு. அவரைப் பாத்துக்க ஆள் வச்சுடலாம். நாம போயிடலாம்."

மறுநாள் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தான்.

"வேற வீடு பாத்துட்டேம்ப்பா. நாங்க ரெண்டு பேர் மட்டும்."

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எத்தனை பாத்ரூம்?"

"ரெண்டு."

"நல்லதுப்பா. அப்ப சரி." பாதிச் சாப்பாட்டில் எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு வாக்கிங் கிளம்பிவிட்டார்.

"பாத்தியா? போகாதேன்னு ஒரு வார்த்தை வரலை" என்றான் மனைவியிடம்.

அடுத்த நாள் காலை அப்பா வாக்கிங் போயிருந்தார். அவன் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. வாசலில் நீலச் சீருடையில் ஒரு பெண். கையில் அப்பாவின் குடை.

"பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறையில வேலை பாக்கறேன். நேத்து பெரியவர் இதை விட்டுட்டுப் போயிட்டார். வாக்கிங் பெரியவர்னதும் தெருவுல வீட்டைக் காட்டிட்டாங்க."

"அங்க அவருக்கு என்ன வேலை?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் புள்ளையா? அவருக்கும் உங்களாட்டமே ரத்தமாத்தான் போகுதாம். 'வீட்ல இருக்கறது ஒண்ணுதாம்மா, சின்னப் பையன் துடிக்கிறான், அவன் நிதானமா வரட்டும்'னுதான் தினம் எங்ககிட்ட ஓடி வர்றாரு."