ஞானி பிடுங்கிய கம்பி

கொய்ங்!

ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் எட்டுப் பேரும் ஹெட்போனைக் கழற்றி எறிந்தார்கள். மெயின் லைன் மறுபடி படுத்துவிட்டது. ஸ்பேர் லைன் சோம்பல் முறித்து எழுந்து வேலையை ஏற்பதற்குள், நடந்துகொண்டிருந்த பேச்சு அத்தனையும் அறுந்துபோகும். அறையின் மூத்தவள் பெரியக்கா. அவள் காதில் ஒரு தாய், "குழந்தை மூச்சு விடமாட்டேங்குது, எங்க வீடு..." என்றதோடு நின்றாள். அந்தத் தாயே திரும்பக் கூப்பிட்டதால் குழந்தை பிழைத்தது. அடுத்த குழந்தைக்கு யார் பொறுப்பு?

பேச்சை இரண்டு லைனிலும் சேர்த்தே அனுப்பினால், ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும் என்று டெக்னீஷியன் சொல்லியிருந்தார். மேனேஜருக்கு அது ரசிக்கவில்லை. பல ஆபீஸ்களின் லைனைச் சரிசெய்ததாகப் பேர் வாங்கிய 'அலைஞானி' என்பவருக்கு அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

மறுநாள் ஞானி வந்தார். நீண்ட தாடி, வெள்ளை அங்கி, பெட்டி நிறையச் செப்பு வளையங்கள். வளையம் மாட்டிய லைனில் கம்பியையே பிடுங்கினாலும் பேச்சு அறாதாம். அக்கம்பக்கத்து ஆபீஸ்களெல்லாம் வாசலில் குவிந்தன. கணக்குப் பிரிவுக்காரர் மூட்டுவலிக்கும் ஒரு வளையம் கேட்டார். கிடைத்தது. ஞானத்துக்கு ஒரே சைஸ்தான்!

வந்த அழைப்புகளைப் பக்கத்து ஊர் மையத்துக்குத் திருப்பிவிட்டு, சோதனை தொடங்கியது. பெரியக்கா தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். மனிதர் மாடிவீட்டுக்காரனின் ஒழுகும் குழாயைப் பற்றி ஆரம்பித்தார். இரண்டு லைன் கம்பிகளும் சொருகியிருந்த சுவர்ப்பெட்டியில் ஞானி வளையத்தை மாட்டினார், கண்ணை மூடினார், ஒரு கம்பியைப் பிடுங்கினார். குழாய்ப் புராணம் ஒரு சொட்டுக் குறையாமல் ஒழுகிக்கொண்டே இருந்தது. கைதட்டல் கூரையைத் தொட்டது. டெக்னீஷியனை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிடும்படி மேனேஜர் அங்கேயே உத்தரவிட்டார்.

பெரியக்கா கைதட்டவில்லை. அந்தத் தாயின் குரல் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை. அந்தச் சுவர்ப்பெட்டியையே பார்த்தாள். பக்கத்துக் கம்பியின் விளக்கு மட்டும் படபடவென்று துடித்தது. ஞானி பிடுங்கிய கம்பியின் விளக்கோ, பிடுங்கும் முன்பும் சும்மாதான் இருந்தது.

"அதைத் திரும்பச் சொருகுங்கய்யா. வளையம் அப்படியே இருக்கட்டும். இப்ப நான் ஒண்ணைப் பிடுங்குறேன்."

"அடுத்தவங்க கை பட்டா அலை கலங்கிடும்மா."

"அவ்வளவுதானே? கையுறை போட்டுக்கிறேன்."

முதலுதவிப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, துடிக்கும் கம்பியைப் பிடுங்கினாள். கல்யாணமான நாள்முதல் அவளால் நிறுத்த முடியாத பேச்சு ஒரே இழுப்பில் நின்றது. டெக்னீஷியனைக் கூப்பிட மேனேஜர் போனை எடுத்தார். ஸ்பேர் லைன் இன்னும் கண்விழிக்கவில்லை.

இத்தனை ஆபீஸை எப்படியய்யா ஏமாற்றினாய் என்று கூட்டம் பாய்ந்தது. ஞானி நிதானமாகத் தன் வளையப் பெட்டியை மூடினார்.

"நான் பிடுங்குறது பேச்சு போற கம்பிதானான்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கேட்டதில்லையே, ஐயா."