கமிட்டிக்காரர் பின்னால் வருகிறார்

இரண்டாவது கேட்டைத் தாண்டியதும், ரோலண்ட் டிம்ஸின் சைக்கிள் கைப்பிடியில் இருந்த வழிகாட்டிக் கருவி ஒரு தடவை சிணுங்கிவிட்டு அணைந்துபோயிற்று. தட்டிப் பார்த்தார். ஊதிப் பார்த்தார். முந்தின நாள் சார்ஜ் போட்டது இதற்கல்ல, பல் துலக்கும் பிரஷ்ஷுக்கு என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஏதாவது பிரச்சனையா, ரோலண்ட்?" என்றாள் பின்னால் வந்த ஹெஸ்டர்.

"சேச்சே! வழியெல்லாம் மனசுல இருக்கு. இதையே பாத்துட்டு ஓட்டினா காட்டை எப்பப் பாக்கறது?"

மனசில் இருந்தது, 'காடு வந்ததும் இடது பக்கம்' என்ற ஒரே ஒரு வரி. அந்தப் பக்கம் பூராவும் காடுதான்.

வழி தவறுவது பெரிய விஷயமில்லை. கமிட்டிக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தவறுவதுதான் விஷயம்.

ரோலண்ட் கவென்ட்ரி நகரத்தை விட்டு மார்ல்கோம் கிராமத்துக்குக் குடிவந்து நாலு மாதம் ஆகிறது. இந்த நாலு மாதத்தில் அவரோடு பழகியது தபால்காரப் பெண்ணும் பக்கத்து வீட்டு நாயும்தான். இந்த ஊர் ஜனங்கள் புதியவரைப் பார்த்தால் தலையை ஆட்டுவார்கள்; வெயிலைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்வார்கள்; அடுத்த வார்த்தைக்குப் பத்து வருஷம் காத்திருக்க வேண்டும். அவ்வளவு பொறுமை ரோலண்டுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் அவரைப் பிடுங்கித் தின்றன.

அதனால்தான், ஊர் சைக்கிள் சங்கத்துக்கு வழிநடத்தும் ஆள் தேவை என்றதும் முதல் ஆளாக எழுதிப் போட்டார். செயலாளரின் பதில் சுருக்கமாக வந்தது: 'ஒரு சவாரி நடத்திக் காட்டுங்கள். நாலு பேர் வருவார்கள். மூவர் ஊருக்குப் புதியவர்கள். நான்காமவர் எங்கள் கமிட்டிக்காரர். கடைசியில் வருவார், வாயே திறக்கமாட்டார். அவரைக் கண்டுகொள்ளாதீர்கள். அவருக்குத் திருப்தி என்றால் இனி ஒவ்வொரு ஞாயிறும் உங்களுடையது.'

ஹெஸ்டரும், நெவில்-ஓட்ரி தம்பதியும் காலை எட்டு ஐம்பதுக்கே ஊர்க் கூடத்து வாசலில் நின்றார்கள். மூன்று பேரிடமும் சரளைப் பாதைக்கென்றே செய்த தடித்த டயர் சைக்கிள்கள். நான்காமவர் ஒன்பது பத்துக்கு வந்தார். கம்பளித் தொப்பி, நரைத்த தாடி, கிறீச்சென்று கத்தும் பழைய இரும்பு சைக்கிள். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இப்படித்தான் வருவார்கள் என்று ரோலண்ட் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

"வாங்க சார், வாங்க! உங்களுக்காகத்தான் நிக்கிறோம். கடைசியா வந்துடுங்க!"

அவர் வாயைத் திறந்தார். நாலு முகங்களையும் பார்த்தார். மூடிக்கொண்டார். பின்னால் வந்தார்.

இப்போது காட்டுக்குள் இடது பக்கம் திரும்பி ஒரு மைல் போனதும், விழுந்து கிடந்த ஒரு பெரிய ஓக் மரம் வந்தது. அதைச் சுற்றிப் போனால் பாதையோரக் கம்பத்தில் மஞ்சள் அம்பு. ரோலண்ட் பிரேக்கைப் பிடித்தார். நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் போகலாம்; மஞ்சள், நடப்பவர்களுக்கு மட்டும்.

"தள்ளிட்டுப் போலாமே?" என்றாள் ஓட்ரி.

"அதுல ரெண்டு கட்சி இருக்கு," என்றார் நெவில். "தள்ளினாலும் சக்கரம் பாதையில படுதேன்னு ஒரு கட்சி."

ரோலண்ட் ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தார். தாடிக்காரர் அம்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படவே வேண்டாம். தூக்கிக்குவோம்!"

மொச்சை வயலுக்கு நடுவே அரை மைல், ஐந்து பேரும் சைக்கிளைத் தோளில் சுமந்து நடந்தார்கள். எதிரே நாயோடு வந்த ஒரு அம்மாள், "காலை வணக்கம்" என்றாளே தவிர ஏன் என்று கேட்கவில்லை. இரும்பு சைக்கிள் மற்ற சைக்கிள் இரண்டின் எடை இருக்கும். அதைச் சுமந்தவர் ஒரு முனகல்கூட முனகவில்லை. எப்பேர்ப்பட்ட ஒழுங்கு என்று ரோலண்ட் வியந்தார்.

வயல் முடிந்த இடத்தில் ஒரு விவசாயி வேலியில் சாய்ந்து நின்றார். வழி கேட்டால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் வழிநடத்துகிறவனே வழி கேட்பதா? ரோலண்ட் ஒரு தந்திரம் செய்தார்.

"நல்ல வெயிலு."

"ம்."

"மார்ல்கோம் பக்கம் மழை வருமோ?" எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாரோ, அந்தப் பக்கம்தான் ஊர்.

விவசாயி நேராக மேலே பார்த்தார். "அங்க பெஞ்சா இங்கயும் பெய்யும்." பிறகு முகவாயை வலப்பக்கமாக வெட்டினார்.

"கிடைச்சுது!" ரோலண்ட் வலப்பக்கம் பாய்ந்தார். விவசாயி முகவாயை வெட்டியது தன் நாய்க்கு. அது ஓடிப்போய் இருநூறு செம்மறி ஆடுகளைக் குறுகலான சந்துக்குள் திருப்பிவிட்டது. முன்னால் ஆடு, பின்னால் ஆடு. ஆடுகள் போன பக்கம், ஆடுகள் போன வேகத்தில், ஐந்து சைக்கிள்களும் போய்ப் பட்டிக்குள் சேர்ந்தன. பின்னாலேயே கேட் சாத்தப்பட்டது.

"எண்ணிக்கையில அஞ்சு கூடுதலா வருதே," என்று விவசாயி அலுத்துக்கொண்டே திறந்துவிட்டார்.

"இது... இது திட்டத்துல இருந்துச்சா, ரோலண்ட்?" என்று ஓட்ரி மெதுவாகக் கேட்டாள்.

"ஊரோட வாசனை தெரிய வேண்டாமா?"

"வாசனை நல்லாவே தெரியுதுங்க."

பட்டியின் மறுபக்கத்துப் பாதை இறக்கத்தில் இறங்கி, ஓடையில் முழங்கால் வரை நனைத்து, ஏற்றத்தில் ஏறி, விழுந்து கிடந்த ஒரு பெரிய ஓக் மரத்தில் கொண்டுவிட்டது.

"இந்தப் பக்கத்துல மரமெல்லாம் ஒரே மாதிரி விழும்போல," என்றார் நெவில்.

ரோலண்ட் அவசரமாக வேறு பாதையில் திரும்பினார். நாற்பது நிமிஷம் கழித்து அதுவும் அங்கேயே வந்து நின்றது. இந்தத் தடவை ஹெஸ்டர் மட்டும், "நல்ல மரம்," என்றாள்.

அந்தக் கருணையைத்தான் ரோலண்டால் தாங்க முடியவில்லை. சைக்கிளைச் சாய்த்து வைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"ரெண்டாவது கேட்டுலயே எனக்கு வழி விட்டுப் போச்சு. உங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். இந்த ஊர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. ஞாயித்துக்கிழமை வந்தா சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். எப்படியாவது இந்த வேலை கிடைச்சிடணும்னு..." தாடிக்காரரைப் பார்த்தார். "சார், நான் லாயக்கில்ல. அப்படியே எழுதிடுங்க. இவங்க வீடு போய்ச் சேர வழிய மட்டும் சொல்லுங்க."

தாடிக்காரர் அன்று முதல் தடவையாகப் பேசினார். "மரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பினா ஊர்க்கூடம். கால் மைல்தான்."

"முதல்லயே தெரியுமா?"

"அறுபது வருஷமா இங்கதாங்க இருக்கேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"யாரும் கேக்கலியே."

ஹெஸ்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நான் அடுத்த ஞாயிறும் வர்றேன், ரோலண்ட். ஆட்டுப் பட்டியில அடைபட்டதே இல்ல இதுவரைக்கும்!"

"நாங்களும்தான்," என்றாள் ஓட்ரி. நெவில் தலையாட்டினார். நாலு மாதத்துக்குப் பிறகு ரோலண்டின் முகத்தில் நிஜமான ஒரு சிரிப்பு வந்தது. தாடிக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

"அப்ப, சார்," ரோலண்ட் தயங்கித் தயங்கிக் கேட்டார், "கமிட்டிக்கு என்னன்னு எழுதுவீங்க?"

"எந்தக் கமிட்டிங்க?" தாடிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நான் பால் வாங்கக் கிளம்பினவன். 'உங்களுக்காகத்தான் நிக்கிறோம்'னு நீங்க அவ்வளவு சந்தோஷமா கூப்பிட்டதும், இல்லைன்னு சொல்ல மனசு வரல."