எலுமிச்சம்பழத்துக்கு நின்ற கார்

ஒரு காட்டில், தார் ரோடு வந்ததிலிருந்து யாருக்கும் நடக்கவே பிடிக்காத ஒரு காட்டில், கருத்தமுத்து என்றொரு கரடியார் இருந்தார். அவருடைய அப்பா காலத்தில் கார் தள்ளாமல் கிளம்பினாலே ஊர்கூடி வேடிக்கை பார்க்கும். இவர் முதலில் ஏசி இருந்தால் போதும் என்றார். அது வந்ததும், கூரையில் ஜன்னல் இல்லாமல் என்ன கார் என்றார். இப்போது சீட்டு முதுகைப் பிடித்துவிட வேண்டும், குறுக்கே எது வந்தாலும் கார் தானாக நிற்க வேண்டும். ஆசைக்கு ஓர் அளவு உண்டா? நரியின் ஷோரூமில் அப்படியே ஒன்றைத் தேடிப் பிடித்து, மகள் கல்யாணத்தன்று காலையில் வீட்டுக்கு ஓட்டி வந்தார்.

மண்டபத்தில் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். கல்யாணப் பெண் பின்சீட்டில் ஏறினாள். மனைவி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். கருத்தமுத்து காரைக் கிளப்பினார்.

"முன்னால் தடை இருக்கிறது" என்று இனிய குரலில் சொல்லிவிட்டு, கார் நின்றது நின்றபடியே இருந்தது.

"பழத்தை எடுத்துரட்டுமா?" என்றார் கருத்தமுத்து.

"நல்லாருக்கு! பழம் நசுங்காம என் பொண்ணு வாசல் தாண்ட மாட்டா" என்றாள் மனைவி.

நரிக்குப் போன் போட்டார். "நீங்க கேட்டு வாங்கின வசதிதானே சார்? அடுத்த மாடல்ல எலுமிச்சம்பழத்தை மட்டும் விட்டுரும். புக் பண்ணிரவா?"

மணி பத்து. மண்டபத்திலிருந்து சம்பந்தி, மாப்பிள்ளையையும் அவர் தங்கையையும் புரோகிதக் கொக்கையும் ஜீப்பில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்து குதித்தார். "பொண்ணு குடுக்க இஷ்டமில்லையா?"

அவரை முன்சீட்டில் உட்கார வைத்தார் கருத்தமுத்து. சீட்டு பிடித்துவிட ஆரம்பித்தது. சம்பந்திக்குக் கண் சொருகியது. "ஆகா... தாலியை இங்கயே கட்டிரலாம். கார் எங்கயும் போகவேணாம்."

பின்சீட்டில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார். நாத்தனார் இரண்டாவதைப் போட்டாள். பிறகு சீட்டில் சாய்ந்து பார்த்தாள்.

"ஏன் மாமா, பின்சீட்டு பிடிச்சுவிடாதா?"

"முன்சீட்டு மட்டும்தாம்மா."

"எங்கண்ணனுக்கு இவ்வளவுதானா?" மூன்றாவது முடிச்சுக்கு அவள் கை நீளவில்லை.

முகூர்த்தம் முடிய இரண்டு நிமிடம். கருத்தமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் ஏறி, மாப்பிள்ளையின் முதுகைத் தன் கையாலேயே பிடித்துவிட்டார். முடிச்சு விழுந்தது. கொக்கு மந்திரத்தை முடித்தது.

"நல்லாருக்கு மாமா" என்றார் மாப்பிள்ளை, கண்ணைத் திறக்காமல். "இதுல சூடு வைக்கிற வசதி கிடையாதா?"

நீதி: பெண் எடுப்பவர்கள் காரைப் பார்த்து ஏமாற வேண்டாம்; மாமனாரின் கையைப் பிடித்துப் பார்த்து, பலம் போதுமா என்று சோதித்துக்கொள்ளவும்.