மூலையைப் பிடித்து இழுத்தால்

"மூலையைப் பிடிச்சு இழுத்தா பட்டன் ஓடிப்போயிடுது, தம்பி."

லாரிகளை எடை போடும் எடைமேடை அம்மா இதை நான்காவது தடவையாகச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் இழுத்தும் காட்டினார். திரையின் வலது கீழ்மூலையை மவுஸால் பிடித்து, மூட்டையின் வாயைச் சுருக்குவது போல உள்ளே தள்ளினார். எடைக் கட்டம் நின்றது. "பதிவு" நின்றது. "அச்சு" பாதி நின்றது. "அடுத்த வண்டி" போயே போய்விட்டது.

கணினித் திரைகளை வடிவமைத்துக் கொடுக்கும் திரைக்காரர் குனிந்து மூலையைப் பார்த்தார். கம்பெனி வேலையை விட்டுத் தனியாக இறங்கிய பிறகு அவருக்கு வந்த முதல் வேலை இந்த எடைமேடைப் புரோகிராம். நேற்றுத்தான் போட்டுக் கொடுத்தார். இன்று காலை மேனேஜர் வந்து, "அஞ்சு மணிக்குள்ள அந்தம்மா வாயால சரின்னு வரணும். இல்லேன்னா பழசையே திரும்பப் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"எதுக்கும்மா சின்னதாக்கணும்? முழுசா விரிச்சு வெச்சுக்கிட்டா எல்லாம் தெரியுமே?"

"எனக்குச் சின்னதாத்தான் வசதி. பழசு கூடச் சின்னதாத்தான் இருந்துச்சு."

திரைக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இந்த வேலை வேறொன்றும் இல்லை, ஒரு பெஞ்சில் ஐந்து பேரை உட்கார வைக்கிற வேலைதான். பெஞ்சு நீண்டால் யார் காலை நீட்டலாம், குறுகினால் யார் ஒடுங்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் கடைசியில் இருப்பவன் கீழே விழுவான். நேற்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது சொன்னார். எல்லாரும் சமமாக ஒடுங்குங்கள் என்றார்.

அம்மா மூலையை இழுத்தார். எல்லாரும் ஒழுங்காக ஒடுங்கினார்கள். பட்டன்கள் மூன்றும் தீக்குச்சி மாதிரி ஆகி ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

"பட்டன் இருக்கு பாருங்க" என்றார் திரைக்காரர் பெருமையாக.

"இருக்கு" என்ற அம்மா "அச்சு" என்று நினைத்து ஒன்றை அழுத்தினார். அது "அடுத்த வண்டி." அதை அழுத்தினால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டில் பச்சை விளக்கு எரியும், காவல்காரர் அடுத்த லாரியை உள்ளே விடுவார். விட்டார். மேடையில் ஒரு ஜல்லி லாரி ஏற்கெனவே நின்றுகொண்டிருக்க, இன்னொன்று வந்து அதன் பின்னால் முன்சக்கரத்தை ஏற்றியது. எடை இருபத்தெட்டு டன்னைத் தாண்டி ஏறியது.

முதல் லாரி டிரைவர் தலையை நீட்டினார். "யம்மா, என் வண்டி மேடையிலேயே குட்டி போட்டுடுச்சா?"

அம்மா பதறவில்லை. திரைக்காரரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "தம்பி, கேட்டுல இருக்கறவர்கிட்ட போய், விளக்கு தப்பா எரிஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டு வாங்க."

"போன் இருக்கேம்மா? நீங்களே ஒரு வார்த்தை…"

"நீங்களே சொல்லிடுங்க."

போனார். காவல்காரர் நரைத்த மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார். "அந்தம்மாவே சொல்ல மாட்டாங்களாமா?"

"உங்களையே சொல்லச் சொன்னாங்க… இல்ல, என்னைச் சொல்லச் சொன்னாங்க."

"சரி" என்று அவர் வானத்தைப் பார்த்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்த திரைக்காரர், பட்டன்களிடம் இந்த அளவுக்குக் கீழே ஒடுங்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் இடம் எங்கேயாவது குறைய வேண்டுமே. பாவம், எடைக் கட்டம் ஒடுங்கியது. மேடையில் நின்ற லாரி பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது கிலோ. கட்டத்தில் முதல் இரண்டு எண்கள் மட்டும் எட்டிப் பார்த்தன. பக்கத்திலேயே "கிலோ" என்ற எழுத்து கம்பீரமாக நின்றது.

டிரைவர் ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தார். "பதினெட்டு கிலோவா? தெரிஞ்சிருந்தா பையில போட்டுத் தூக்கிட்டு வந்திருப்பேனே. டீசல் மிச்சம்."

"அது உள்ள சரியாத்தாங்க இருக்கு. வெளியதான் தெரியல" என்றார் திரைக்காரர்.

"என் நெலமையும் அதுதான்" என்று டிரைவர் வண்டிக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

மூன்றாவது வைத்தியமாக எடைக் கட்டத்துக்கும் அதே கண்டிப்பைப் போட்டார். இனி யாரும் ஒடுங்க மாட்டார்கள். அம்மா மூலையை இழுத்தார். வரவில்லை. எழுந்து நின்று இழுத்தார். மவுஸ் மேசை விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்ததே தவிர மூலை அசையவில்லை.

"தம்பி, மணி ஒண்ணு ஆகப் போகுது. எதையாவது பண்ணிச் சின்னதாக்குங்க."

"பசிக்குதாம்மா? நீங்க போய்ச் சாப்பிடுங்க, நான் பார்த்துக்கறேன்."

"என் சாப்பாடு கெடக்கு. நீங்க மொதல்ல இதைப் பாருங்க."

அம்மா கடிகாரத்தைப் பார்ப்பதும் மூலையைப் பார்ப்பதுமாக இருந்தார். அந்த அவசரத்தில் திரைக்காரருக்குக் கை ஓடவில்லை. தண்ணீர் குடிக்க வெளியே போனார். குழாய் கேட்டுக்குப் பக்கத்தில்.

அங்கே காவல்காரர் நிழலை எல்லாம் விட்டுவிட்டு, உச்சி வெயிலில் நட்ட நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். காலி டிபன் டப்பாவைக் கேட்டுக் கம்பத்தின் உச்சியைப் பார்த்துத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். மறுபடி தூக்கினார். மூன்றாவது தடவையும் தூக்கிவிட்டு, சோர்ந்து போய் மடியில் வைத்துக்கொண்டார்.

வெயில் மண்டையில் ஏறிவிட்டது என்று திரைக்காரர் பரிதாபப்பட்டார். தன் நிலைமையே அப்படித்தான் இருக்கும்போது அடுத்தவரைக் கேட்க என்ன இருக்கிறது?

சாயங்காலம் நான்கு மணிக்கு அவருக்கு ஞானம் பிறந்தது. ஒடுங்குகிற தொல்லையே வேண்டாம். திறந்தவுடன் புரோகிராம் திரை முழுக்க விரியட்டும். மிச்சமிருக்கிற இடத்தை எல்லாம் எடைக் கட்டமே எடுத்துக்கொள்ளட்டும். மூலை என்று ஒன்று இருந்தால்தானே பிடித்து இழுப்பார்கள்?

போட்டார். எண்கள் ஒவ்வொன்றும் சாண் உயரத்துக்கு எழும்பின. பட்டன்கள் கட்டை விரலால் குத்தினாலும் தவறாத அளவுக்குப் பருத்து நின்றன. பின்னால் வலது கீழ்மூலையில் எந்நேரமும் சும்மா ஓடிக்கொண்டிருந்த கேட்டுக் கேமராப் படம்கூட மறைந்து, திரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. டிரைவர் வண்டியில் படுத்தபடியே எடையைப் படித்து, "இப்பத்தான்யா லாரி எடை" என்று கை தட்டினார்.

அம்மா மட்டும் திரையை வெகுநேரம் பார்த்தார். வலது கீழ்மூலையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ரொம்ப நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க, தம்பி."

"அப்ப மேனேஜர்கிட்ட சரின்னு சொல்லிடறீங்களா?"

"வேணாம் தம்பி. எனக்குப் பழசே இருக்கட்டும். உங்க மேல குத்தம் இல்ல."

குத்தம் இல்லை என்று சொல்லி அனுப்பினால்தான் மனசு அதிகமாக வலிக்கிறது. ஐந்துக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. திரைக்காரர் பையை மாட்டிக்கொண்டு, மேனேஜர் முகத்தில் விழிக்காமல் போய்விடலாம் என்று கேட்டுக்கு வந்தார்.

காவல்காரர் கேட்டைத் திறக்கவில்லை. குறுக்கே வந்து நின்று, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போறதுக்கு முன்னாடி உள்ள என் வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க தம்பி, இன்னைக்கும் மிச்சம் வைக்காம சாப்ட்டேன்னு. எங்களுக்குள்ள பதினோரு நாளாப் பேச்சு கெடையாது. மதியம் நான் கம்பத்துக் கேமராவுக்கு டப்பாவைக் கவுத்துக் காட்டுவேன், அவ பார்த்துட்டுப் பச்சை விளக்கை ஒரு தடவை போட்டு அணைப்பா, அதுலதான் குடும்பமே ஓடிட்டு இருக்கு, அந்த மூலையில ஒரு சாண் எடம் விட்டுக் குடுத்துட்டுப் போங்க."