மூன்று வேளைச் சாயம்

இலங்கையில் எத்தனையோ தேயிலைத் தோட்டங்கள் இருக்கலாம். டீ சேர்ட்டுக்கு வைத்தியம் பார்த்த டிஸ்பென்சர் எங்கள் தோட்டத்தில் மட்டும்தான் இருந்தார்.

தோட்டத்து மருந்துச்சாலை அவருடைய ராஜ்யம். தலைவலியா, சேற்றுப்புண்ணா, புருசன் பெண்டாட்டி சண்டையா, எதைச் சொன்னாலும் ரோஸ் நிறத் தண்ணீரைப் போத்தலில் ஊற்றி, அளவு வெட்டிய காகிதத்தைப் பக்கத்தில் ஒட்டி, "மூணு வேள" என்பார். முகத்துக்கு நேரே டாக்டரையா. முதுகுக்குப் பின்னால் மூணுவேளை.

அவருக்கு யோசனை உதித்த இடத்தில் நானும் நின்றேன். எண்பதுகளின் தொடக்கம். அட்டனில் ஏ.எல். வகுப்புப் படித்துக்கொண்டு, லொறி எங்கே போனாலும் தொற்றிக்கொள்கிற வயது. மருந்தெடுக்க அவர் நுவரெலியா போனபோது நானும் போனேன். கடைத்தெருவில் ஒரு வெள்ளைக்காரப் பையன், வானவில்லை விழுங்கி நெஞ்சிலேயே வாந்தியெடுத்தது போன்ற ஒரு டீ சேர்ட்டோடு எதிரே வந்தான். ஐயா நடுரோட்டில் நின்றுவிட்டார். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தே களைத்துப் போனான்.

"தம்பி, நம்ம சடுகுடு பயலுகளுக்கு இதாண்டா!"

விசயம் இதுதான். போன வருசத் திருவிழாச் சடுகுடுவில் எங்கள் கீழ்ப்பிரிவும் மேல்பிரிவும் ஒரே மாதிரி வெள்ளைப் பெனியனில் இறங்கி, "தொட்டேன்", "தொடல" என்று தொடங்கி, பாதிப்பேர் ஐயாவின் மருந்துச்சாலையில் முடிந்தார்கள். அதனால் தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கிறவரும் ஆட்டத்துக்கு நடுவருமான கண்டாக்கையா கட்டளை போட்டார்: இந்த முறை ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கலர். கலர் இல்லாவிட்டால் ஆடாமலேயே தோல்வி. வெள்ளையை மேல்பிரிவு முந்திப் பிடித்துக்கொண்டது. எங்களிடமோ பழைய வெள்ளை டீ சேர்ட்டுகளை விட்டால் வேறு கதியில்லை.

அந்தக் கடைத்தெருவிலேயே சாயப்பெட்டி கிடைத்தது. உள்ளே மூன்று நிறப் பொட்டலம், ரப்பர் வளையங்கள், பொலித்தீன் கையுறை, இங்கிலீஷில் செய்முறை. படித்துச் சொல்வது என் வேலை.

"முறுக்கிக் கட்டி, சாயத்த முழுசா ஊத்தி, ஒரு நாள் அப்படியே வைக்கணுமாங்கய்யா. பொறகு நல்லா அலசணுமாம்."

"ஒரேயடியாவா? ஒடம்பு தாங்குமா?"

"டீ சேர்ட்டுங்கய்யா."

"எதுவா இருந்தா என்னா? ஓவர்டோஸ் ஓவர்டோஸ்தான்."

ரப்பர் வளையம் போட்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும் என்று பேண்டேஜால் கட்டினார். சாயத்தில் தாராளமாகத் தண்ணீர் கலந்து, போத்தலில் ஊற்றி, அளவுக் காகிதமும் ஒட்டினார். ஏழு டீ சேர்ட்டுகளும் உடம்பெல்லாம் கட்டோடு வார்டுக் கட்டிலில் வரிசையாகப் படுத்திருந்தன. வேளைக்கு ஒரு கரண்டி. கப்டன் முனியாண்டி தினமும் வந்து வாசலில் நின்று கேட்பான்:

"என்னங்கய்யா, பொழச்சிருமா?"

"ராத்திரி வேள போகட்டும், சொல்றேன்."

திருவிழா அன்று காலையில் கட்டுப் பிரித்தார். சும்மா சொல்லக்கூடாது, அற்புதம்! வட்டம் வட்டமாக, ஒன்றுபோல் ஒன்றில்லை. முனியாண்டியின் வயிற்றில் நீலச் சூரியனே உதித்திருந்தது. அலச ஐயா சம்மதிக்கவில்லை. "தையல் பிரிச்ச அன்னிக்கே யாராவது குளிப்பாட்டுவானா?"

மைதானத்தில் தூறல். விசில் ஊதுமுன்பே முனியாண்டி அலறினான்.

"ஐயா, ஒழுகுது!"

"புண்ணு ஆறுறப்ப கொஞ்சம் ஒழுகத்தான்டா செய்யும். வெளையாடு!"

மேல்பிரிவு விழுந்து விழுந்து சிரித்தது. கண்டாக்கையா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கலருன்னு இருக்குல்ல. எறங்கட்டும்" என்றார்.

கடைசியாகப் பாடிப் போகும் முறை வரை சரிக்குச் சரி. முனியாண்டி ஈரக்கையை வயிற்றில் துடைத்துக்கொண்டு சடுகுடு பாடிப் போனான், எட்டி ஒரு வீச்சு வீசினான், மூச்சிரைக்கத் திரும்பி வந்து விழுந்தான்.

"தொட்டேன்!"

"தொடல! சத்தியமா தொடலீங்க!" என்று துள்ளினான் மேல்பிரிவின் நெட்டைக் கப்டன்.

போன வருசத்து வசனம் அட்சரம் பிசகாமல் வந்தது. இரண்டு பக்கமும் சட்டைக்கை மடிப்பதைப் பார்த்து ஐயா மருந்துப்பெட்டியைத் திறந்தேவிட்டார். கண்டாக்கையா மட்டும் நெட்டையனை நோக்கி விரலைச் சுழற்றினார்.

"திரும்பி நில்லு."

திரும்பினான். வெள்ளை முதுகில் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தன. கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கமிருந்து மேல்பிரிவுப் பெண்ணொருத்தியின் குரல் வந்தது: "அடேய், முதுகுல சாட்சிய வச்சிக்கிட்டா சத்தியம் பண்ணுற?" அடிக்க ஓங்கிய கைகளெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. கோப்பை எங்களுக்கு. திருவிழாவில் யாருக்கும் தையல் போடவேண்டி வராததும் அந்த வருசம்தான்.

நாங்கள் டாக்டரையாவைத் தூக்கிக்கொண்டு ஆடினோம். அவர் மேலிருந்தபடியே முனியாண்டியின் டீ சேர்ட்டுத் தோளைக் கசக்கிப் பார்த்து, "நாலாவது வேளையும் குடுத்திருக்கணும்" என்று கவலைப்பட்டார்.

அடுத்த வாரம் ஆளனுப்பிக் கூப்பிட்டார். மேசையில் புதிய சாயப்பெட்டி. கட்டிலில் வார்டுப் படுக்கை விரிப்புகள் அத்தனையும்.

"வெள்ளையவே பாத்துக்கிட்டுக் கெடந்தா சீக்காளி எப்படிடா எந்திரிப்பான்?"

"இந்தத் தடவையாவது ஒரு நாள் முழுசா ஊற வைப்போமாங்கய்யா?"

"பாப்போம். மொதல்ல ஒரு வேள குடு."

பேண்டேஜைச் சுற்றத் தொடங்கினேன். தடுமனுக்குக்கூட அந்த மருந்துச்சாலைப் படியேறாத எனக்கு, நல்லதாக ஒரு காய்ச்சல் வந்தால் தேவலை என்று முதல்முறையாகத் தோன்றியது.