திருமதி எக்ஸின் வீடு

ஏழாம் பக்கத்தில் ஜெயசுந்தரியின் சிவப்புப் பேனா நின்றுவிட்டது.

"திருமதி எக்ஸ் கேள்வி கேட்பார், பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். கணவர் தட்டைப் பார்த்தே பேசுவார். ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார்கள். கணவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மனைவியிடம் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்."

எழுதியவன் சுனில், அவளிடம் படிக்கும் சமூகப்பணி மாணவன். சைனிக்புரியில் ஒரு குடும்ப ஆலோசனை மையத்தில் களப்பணி செய்கிறான். அங்கிருந்து மூன்றாவது தெருவில்தான் ஜெயசுந்தரியின் வீடு. கேள்வி, தட்டு, மகள் எல்லாம் அவள் வீட்டில் நடப்பதேதான். அப்படியானால் அந்த முடிவு?

களப்பணி நோட்டை மூன்று ஆசிரியர்கள் பார்க்க வேண்டும். குற்றவியல் வேதாசலமும் சமூகவியல் கல்பகமும் ஒரு குறிப்பும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பியிருந்தார்கள். இது தன் வீடென்று அவர்களும் கண்டுபிடித்திருப்பார்களோ என்று அவளுக்குக் காது சூடானது.

சுனிலைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். ஆனால் உதவி தேடி வந்தவர் யாரென்று ஆசிரியர்கூடக் கேட்கக் கூடாது என்பது இருபது வருடங்களாக அவள் நடத்தும் முதல் பாடம். போன வருடம் ஒரு பெண் வாய்தவறிப் பெயரைச் சொன்னதற்கு மதிப்பெண்ணே போடவில்லை.

அன்று மாலை கணவர் கொர்னேலியஸ் ராமச்சந்திராபுரம் ஆலையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியபோது, அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பஸ் ஏன் லேட், சாப்பாடு ஏன் மிச்சம், எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு காபியை மட்டும் நீட்டினாள்.

கொர்னேலியஸ் பாதி குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். "ரேச்சல், அம்மாவுக்கு என்ன?"

"ஆஸ்க் ஹெர், டாடி." ரேச்சல் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ரேச்சல், ஒண்ணுமில்லன்னு அப்பாகிட்ட சொல்லு" என்றாள் ஜெயசுந்தரி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஏழாம் பக்கத்தில் இருந்ததும் இதுதானே.

"டாக்டர் ரிப்போர்ட் ஏதாவது வந்துதா, ஜெயா?"

"இல்லயே."

"வந்திருந்தா மறைக்காத."

அவர் குரல் நிஜமாகவே கலங்கியிருந்தது. விட்டுப் போகப் போகிறவருக்கும் பரிவு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. பரிவு இருப்பதால்தான் நல்ல நேரம் பார்க்கிறார்.

மறுநாள் ஆசிரியர் அறையில் வேதாசலத்தின் மேசைக்குப் போனாள்.

"சார், எனக்கு ஒரு ஃபிரெண்ட்."

வேதாசலம் டீயைக் கீழே வைத்தார். "எந்த ஃபிரெண்ட்?"

"உங்களுக்குத் தெரியாது. அவ புருஷன் மனசுல எதையோ வெச்சிருக்கார், சொல்ல மாட்டேங்கறார். எப்படி வெளில கொண்டு வர்றது?"

அவர் கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். "கேட்டா சொல்ல மாட்டாங்க, மேடம். பிடிச்சதைச் சமைச்சுப் போடணும். எதிர்ல உட்கார்ந்து, பேசாம, முகத்தையே பாக்கணும். மௌனத்தை யாராலயும் தாங்க முடியாது. தானாக் கக்கிடுவாங்க."

"பலன் இருக்குமா?"

"புத்தகத்துல இருக்கு" என்றார் வேதாசலம், சுரத்தில்லாமல்.

சனிக்கிழமை மதியம் வஞ்சிரம் குழம்பு. ஜெயசுந்தரி எதிரே உட்கார்ந்து பார்த்தாள்.

"நீயும் சாப்பிடேன்."

பார்த்தாள்.

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு."

பார்த்தாள். இத்தனை வருடத்தில் இவர் இடது புருவத்தில் ஒரு வெள்ளை முடி முளைத்திருப்பதைத் தான் கவனித்ததே இல்லை என்பது தெரிந்தது. கவனித்திருந்தால் இவர் வேறு எங்காவது போய்ப் பேசியிருப்பாரா?

மூன்றாவது துண்டில் கொர்னேலியஸ் நெற்றியைத் துடைத்தார். "சரி ஜெயா. சொல்லிடறேன். நல்ல நேரம் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நல்லா இல்ல. கவுன்சலிங்குக்கு டைம் வாங்கியிருக்கேன். சாயங்காலம் அஞ்சு மணி. பக்கத்துலதான்."

"புக் பண்ணது நான்" என்றாள் ரேச்சல்.

அதே மையம். வரவேற்பு மேசையில் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த சுனில் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். கொர்னேலியஸ் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். ஜெயசுந்தரி சுனிலைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். இருபது வருடப் பாடம் ஒரு மூச்சில் போயிற்று.

"சுனில், அந்தத் திருமதி எக்ஸ் யாரு?"

அவன் செருப்பைப் பார்த்தான். "மேடம், அந்த வாரம் நான் இங்க வரவே இல்ல. எக்ஸும் இல்ல, புருஷனும் இல்ல. பஸ்ல உட்கார்ந்து நானா எழுதினேன். ஃபெயில் மட்டும் நக்கோ மேடம், போட்டுடாதீங்க, ப்ளீஸ்."

கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முடிவு இல்லை. போகிறவரும் இல்லை. நான்கு நாட்களாக நெஞ்சில் அடைத்திருந்தது, சிரிப்பாக வெளியே வந்தது.

எழுந்து கணவரிடம் போனாள். விண்ணப்பத்தில் "பிரச்சினை" என்ற இடத்தில் கொர்னேலியஸ் எழுதியிருந்தார்: "மனைவி கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள்."

அதைப் படித்துவிட்டு அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

"ஏங்க, கண்ணாடி போடாம எப்படி எழுதறீங்க? பேனா யாருது? வீட்ல கேஸை மூடினீங்களா?"

கொர்னேலியஸ் தலை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "அப்பாடா" என்றார்.

"வாங்க, வீட்டுக்குப் போலாம்."

சுனில் கதவைத் திறந்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"சீக்கிரம் போயிடுங்க மேடம். வேதாசலம் சார் வீட்டம்மாவோட உள்ள இருக்காரு, அடுத்த டோக்கன் கல்பகம் மேடமும் அவங்க வீட்டுக்காரரும். அந்த ஏழாம் பக்கம் அவங்க வீடு இல்லன்னு நான் எத்தன தடவ சொன்னாலும் ரெண்டு பேரும் நம்ப மாட்டேங்கறாங்க."