கொக்கருக்கு வாங்கிய பொன்னாடை

நியூசிலாந்தின் ஒக்லாந்துத் தமிழர்களை ஒன்று சேர்த்த பெருமை கொக்கர் ஒருவரையே சாரும். கோயில் குழுவால் அது முடியவில்லை. சங்கங்களால் முடியவே முடியவில்லை. யாழ்ப்பாணம், தமிழ்நாடு, மலேசியா என்று பிரிந்து நின்று, ஒருவர் வீட்டு வடையில் மற்றவர் குறை கண்டுகொண்டிருந்த எங்களைத் தொண்ணூறுகளின் நடுவில் ஒரே மாலையில் அவர் ஒற்றுமையாக்கினார். எல்லோருமாகச் சேர்ந்து அவரைத் திட்டினோம்.

கொக்கர் மலேசியத் தமிழர். ஐரோப்பாவில் பாலே ஆடியவர். அவர் இரண்டு காலில் நின்று நான் பார்த்தது குறைவு. தெருமுனை டெய்ரியில் பால் வாங்கும்போதும் சரி, காருக்குப் பெற்றோல் அடிக்கும்போதும் சரி, வலது காலை மடித்துத் தூக்கிக்கொண்டு இடது காலில் நிற்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கோயில் வரிசையில் யாராவது கூனிக்கொண்டு நின்றால், முன்பின் தெரியாதவரென்றாலும் பின்னால் போய்த் தோளைப் பிடித்து நிமிர்த்திவிடுவார். என் கணவருக்கும் அது நடந்தது. "சாமி கும்பிட வந்த இடத்தில ஆரோ என்னோட மல்லுக்கட்டுறான்" என்று அவர் அலறியது ஐயரின் மந்திரத்துக்கு மேலால் கேட்டது.

"ஐரோப்பாவில இளவரசனாவோ ஆடினனீங்கள்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"இல்லக்கா. இளவரசனுக்குப் பின்னால ஈட்டி புடிச்சிக்கிட்டு நிப்பேன். ஆனா நம்ம ஈட்டிதான் நேரா நிக்கும் லா."

வலது முழங்கால் போனபின் ஈட்டியும் போயிற்று. சுற்றிச் சுற்றி ஒக்லாந்தின் ஹென்டர்சனுக்கு வந்து, கார் நெளிவெடுக்கும் பட்டறைக்குப் பின்னால் இருந்த ஒரு மண்டபத்தில், சின்னஞ்சிறு பாலே குழுவுக்குக் கலை இயக்குநர் ஆனார். தரை கூட்டுவது, பிள்ளைகளை ஏற்றி வான் ஓட்டுவது, உடைக்கு இறகு தைப்பது எல்லாமே இயக்குநரின் வேலை. பட்டறையில் சுத்தியல் அடி ஓயும்வரை வகுப்பு தொடங்காது. சில நாள் அந்த அடிக்கே தாளம் எண்ணுவார்.

என் மகள் தாரணி அங்கேதான் ஆடினாள். வீட்டில் சோற்றுத் தட்டைக் கழுவும்போதும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். ஆண்டிறுதி நிகழ்ச்சியில் முதன்மைப் பாத்திரம் அவளுக்கென்று கொக்கர் சொன்னபோது, எங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் சந்தோஷப்பட்டோம். பிள்ளையார் படம் போட்டு அரங்கேற்ற அழைப்பிதழ் அடித்தோம். மனுகாவிலிருந்து பக்குரங்கா வரை விநியோகித்தோம். பிரதம விருந்தினராக ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட அதிபரைப் பிடித்தோம். பிள்ளைக்கு மாலை, குருவுக்குப் பொன்னாடை, வந்தவர்களுக்கு வடை.

"அம்மா, இட்ஸ் நொட் அன் அரங்கேற்றம்!" என்று தாரணி கதவை அடித்துச் சாத்தினாள்.

கொக்கர் அழைப்பிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "என்னாக்கா இது, எனக்குக் கல்யாணமா?" என்றார்.

அந்த மாலை மண்டபம் நிறைந்துவிட்டது. திரை விலகச் சற்று முன் தாரணி மேடைக்குப் பின்னால் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். கொக்கர் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, கண்ணை மூடி, காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டார். பிறகு திரும்பி, "சப்பாத்தக் கழட்டும்மா" என்றார். "வலது கால் பொய் சொல்லுது."

பாதத்தில் வலி என்பதை அவள் எங்கள் எல்லோரிடமும் மறைத்திருந்தாள். "ஐ கேன் டூ இட்" என்று அழுதாள். அவர் கேட்கவில்லை. அவளுக்குப் பதில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையை ஆடச் சொல்லிவிட்டார்.

நான் பாய்ந்தேன். "சனமெல்லாம் வந்திருக்கு! ஏலுமோ ஏலாதோ எண்டு பிள்ளையிட்ட ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"கேக்கலக்கா. கேட்டா முடியும்னுதான் சொல்லும்." மடித்த காலைக் கீழே வைத்தார். "என்கிட்ட கேட்டாங்க. முடியும்னேன். அதோட என் முட்டி போச்சு."

மாற்றத்தை ஆங்கிலத்தில் அறிவித்தார்கள். அப்போது அதிபர் வடையில் இருந்தார். ஆட்டம் முடிந்ததும் மேடையேறி, அந்த வெள்ளைக்காரப் பிள்ளையின் கழுத்தில் மாலையைப் போட்டு, எங்கள் மண்ணின் மகள் என்று நீண்ட நேரம் வாழ்த்தினார். இறங்கி வந்து, "பவுடர் கொஞ்சம் கூடிப்போச்சு, மற்றபடி திறம்" என்று என் கணவரின் கையைக் குலுக்கினார். தாரணி திரைக்குப் பின்னால் பாதத்தில் ஐஸ் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பொன்னாடையைப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எக்ஸ்ரேயில் பாத எலும்பு வெடித்திருந்தது தெரிந்தது. இன்னும் ஒரு மாலை ஆடியிருந்தால் இனி ஆடவே முடியாது என்றார் டாக்டர். கொக்கர் செய்தது சரி. சரி என்பதற்காகக் கோபம் ஆறிவிடுமா? பெற்றோர் முறைப்பாடு செய்ததால் நிர்வாகக் குழு அவரை அனுப்பிவிட்டது. எந்தப் பெற்றோர் என்று கேட்காதீர்கள். வடை சுட்டவர்கள்தான்.

கால் நன்றாக ஆறியது. புதிய இயக்குநர் வந்தார், இரண்டு காலிலும் ஒழுங்காக நிற்பவர். தாரணி போகவில்லை. "நொட் வித்தவுட் ஹிம்" என்றாள். எந்தப் பாதத்தை அவர் அவளுடைய வருங்காலத்துக்காகக் காப்பாற்றி வைத்தாரோ, அதைக் கொண்டு அவள் இப்போது வேலைக்குப் போக ரயிலைப் பிடிக்கிறாள். கொக்கர் எந்த ஊரில் நிற்கிறார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதிலும் ஒற்றுமைதான்.

இன்றைக்கும் அவள் மாடிப்படியில் இறங்கினால், நான் அடுப்பைக் குறைத்து, கண்ணை மூடி, அந்த வலது காலுக்குக் காது கொடுக்கிறேன். அது பொய் சொல்லவில்லை என்று தெரிந்தபின்தான் அடுப்பைக் கூட்டுவேன்.

போன கிழமை ஒரு பாராட்டு விழாவுக்குப் போகப் புறப்பட்ட கணவர் அலுமாரியைத் திறந்தார். "இஞ்ச ஒரு பொன்னாடை சும்மா கிடக்குதப்பா. இதையே குடுப்பமோ?"

"அதை வையுங்கோ" என்றேன். "அது கொக்கருக்கு வாங்கினது."